சன்னதித் தெருவில் ஒரு குமாஸ்தா வீடு

தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், கேட்பவர் மனசில் உடனே எழுவது மிராசுதார் வீடுதான். மூன்று கட்டு, கூடத்தில் பர்மா தேக்குத் தூண், பத்தாயம் நிறைய நெல், வாசலில் வில்வண்டி. காவிரி கொண்டுவந்து கொட்டிய விளைச்சல் பலருக்கு வயிற்றுப்பாடாகவும் சிலருக்கு அப்படிப்பட்ட வீடாகவும் ஆயிற்று. அந்தச் சிலரின் வீடுகளும் இப்போது அதிகம் மிஞ்சவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார்கள், நிலம் கைமாறியது, தூணையும் கதவையும் பழம்பொருள் வியாபாரிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய ஒன்றிரண்டு, வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் விடுதிகளாக இருக்கின்றன.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இன்று பத்திரமாக நிற்கும் வீடு இந்த ரகம் இல்லை. மாதம் 20 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர் குடியிருந்த வீடு அது. நெல் விளைந்த பூமியில் நிலம் இல்லாமல், விளைச்சல் பணம் கல்யாணச் சேலையாக மாறும் இடத்தில் நின்று, அந்த வரவு செலவை எழுதிச் சம்பளம் வாங்கிய குடும்பம். டெல்டாவில் இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தன. யாரும் அவற்றைப் படம் எடுத்ததில்லை, அளந்ததில்லை, பட்டியலில் சேர்த்ததில்லை. இந்த ஒன்று தப்பியதற்குக் காரணம், குமாஸ்தாவின் மூத்த பிள்ளைக்குக் கணக்கைத் தவிர வேறெதிலும் நாட்டம் இல்லாமல் போனதுதான்.

அந்தப் பிள்ளை சீனிவாச ராமானுஜன். 1729 டாக்சிக் கதையை இங்கே சொல்லப்போவதில்லை. அது பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இது வீட்டின் கதை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22 அன்று. கைக்குழந்தையாக வந்து சேர்ந்தது அப்பா சீனிவாச ஐயங்காரின் ஊரான கும்பகோணத்துக்கு. அதே 1887இல்தான் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்றி வெளியிட்டார். 1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். 1904இல் ராமானுஜன் அதே கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். ஏட்டுச்சுவடியில் கிடந்த தமிழை மீட்டவரும், ஏட்டில் இல்லாத கணக்கை எழுதியவரும் பல வருஷம் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். காவிரிக்கரையில் இருக்கும் அந்தக் கல்லூரியைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று ஊரில் பெருமையாகச் சொல்வது வழக்கம். ராமானுஜன் விஷயத்தில் அந்தப் பெருமை கொஞ்சம் இடிக்கிறது. அந்தக் கல்லூரி அவரை நிறுத்தி வைத்துக்கொள்ளவில்லை.

தெரு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் வீடு புரியும். ஒரு முனையில் சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம். கோபுரத்தைப் பார்த்தபடி இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். சோழநாட்டு அக்ரகார வீடு என்பது குறுக்கே ஒடுக்கமாகவும் உள்ளே நீளமாகவும் போகும். வாசல் திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை, கிணறு என்று ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அடுத்த வீட்டில் தாளிக்கிற வாசனையும் சண்டையும் கேட்காமலே வந்து சேரும். சன்னதித் தெரு வீடும் இதே அமைப்பில் சின்னதாகக் கட்டியது. தெருவைப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. பையனை வெளியே விளையாட விடுவது குறைவு என்பதால், சன்னலுக்கு உள்ளே அவரும் தெருவில் சிநேகிதர்களுமாக நின்று பேசிக்கொள்வார்களாம்.

அப்பா காலையில் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். வீட்டை நடத்தியது அம்மா கோமளத்தம்மாள். கோயிலில் பஜனை பாடி அதில் ஏதோ கொஞ்சம் வருமானம். அதுவும் போதாமல் கல்லூரியில் படிக்கும் வெளியூர்ப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் வந்த பிராமணப் பையன்கள். அந்த அளவு வீட்டில், வளர்கிற பிள்ளைகளோடு, இரண்டு மாணவர்களையும் தங்கவைப்பது என்றால் யாருக்கும் தனி இடம் என்று ஒன்று இருந்திருக்காது. கூடத்தில் பாய் விரித்தால் கால் நீட்ட இடம் பார்க்க வேண்டும்.

ராமானுஜனைப் பற்றி எழுதுகிறவர்கள் குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதை ஆசையோடு எழுதுவார்கள். அவரே சொன்னதுதான், மறுக்க நான் யார்? ஆனால் இந்த வீட்டுக்குள் கணக்கு வந்த வழியைப் பார்த்தால் அது சாப்பாட்டுக் கணக்கின் வழியாக வந்திருக்கிறது. தங்கியிருந்த கல்லூரிப் பையன்களிடம் பாடப் புத்தகம் இருந்தது. ராமானுஜனுக்குப் பத்துப் பதினொரு வயசுக்குள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று. பிறகு லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகம் கைக்கு வந்தது. பதின்மூன்று வயசில் அதையும் முடித்தார். குமாஸ்தா சம்பளம் 20 ரூபாயாக இல்லாமல் 50 ரூபாயாக இருந்திருந்தால் கோமளத்தம்மாள் வெளிப்பையன்களுக்குச் சோறு வடித்துப் போட்டிருக்க மாட்டார். அந்தப் புத்தகங்கள் அந்த வயசில் அந்த ரேழிக்குள் நுழைந்திருக்குமா என்பது சந்தேகமே.

இந்தச் சமயத்தில் நடந்த ஒன்றுதான் இந்த வீட்டைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. சைன், கோசைன் எல்லாம் முக்கோணத்திலிருந்து வருபவை என்றுதான் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். முக்கோணமே இல்லாமல் முடிவில்லாத் தொடராக அவற்றை எழுதிவிடலாம் என்று ராமானுஜன் தாமாகக் கண்டுபிடித்தார். பெருமை பிடிபடவில்லை. கொஞ்ச நாளில், ஆய்லர் என்பவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இதைச் செய்து முடித்துவிட்டார் என்று தெரியவந்தது. வெட்கம் தாங்காமல், எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவைத்தார். பரீட்சையில் மதிப்பெண் குறைந்த தாளைப் பிள்ளைகள் ஒளித்துவைப்பது உலக வழக்கம். ஆய்லருக்குப் பின்னால் வந்துவிட்டோமே என்று ஒளித்துவைத்த பிள்ளை வேறு எந்த ஓட்டு வீட்டிலும் இருந்திருப்பதாகத் தெரியவில்லை.

1903 வாக்கில் கார் என்பவரின் புத்தகம் வந்தது. லண்டனில் பையன்களைக் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குத் தயார் செய்யும் டியூஷன் வாத்தியார் அவர். சுமார் 5000 தேற்றங்களை வரிசை போட்டு அடுக்கி, நிரூபணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்ட தொகுப்பு. நம் ஊர்க் கையேடு மாதிரி. கேம்பிரிட்ஜில் அந்தப் புத்தகத்தை யாரும் கொண்டாடவில்லை. இங்கே ஒரு பையன் ஒவ்வொரு தேற்றத்தையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம் வாசல் திண்ணை.

திண்ணையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டும். அது வீட்டுக்குச் சொந்தம், ஆனால் தெருவுக்குப் பொது. வழிப்போக்கன் படுப்பான், தபால்காரர் உட்காருவார், கிழவர்கள் வம்பு பேசுவார்கள், பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் என்று ஒரு படிப்பு முறையே அதன் பேரில் இருந்தது. உள்ளே இடமில்லாத வீட்டில் ஒருவன் தனியாக உட்கார்ந்து யோசிக்க முடிந்த இடம், தெருவே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் திண்ணைதான். காலைச் சம்மணமிட்டு, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு ராமானுஜன் எழுதுவார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. சிலேட்டில் போட்டுப் பார்த்து, கடைசி விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். அழிக்கத் துணி தேடினால் நேரம் போகும் என்று முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துப்போய் இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நோட்டுப் புத்தகங்களில் விடை மட்டும் இருந்து வழி இல்லாமல் போனதற்குக் காரின் பாணி ஒரு காரணம் என்றால், காகிதத்தின் விலை இன்னொரு காரணம். வழியெல்லாம் முழங்கையோடு போய்விட்டது. அந்த நோட்டுப் புத்தகங்களில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளுக்கு வழி கண்டுபிடித்து எழுத, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதி போட வேண்டியதாயிற்று.

படிப்பு என்ன ஆயிற்று என்பது ஊரறிந்த கதை. கணக்கில் நூறு, மற்றதில் தோல்வி. உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். அதற்குப் பின் ஓரிரு வருஷம் இதே திண்ணை. வேலையும் இல்லை, பட்டமும் இல்லை. டியூஷன் சொல்லித்தரப் பார்த்தார். பாடத்திட்டத்தை விட்டு முடிவிலிக்குப் போய்விடுவதால் பையன்கள் நிற்கவில்லை. இருபது வயசுப் பிள்ளை பட்டப்பகலில் தெருத் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தால் சன்னதித் தெரு என்ன பேசியிருக்கும் என்று நமக்குத் தெரியும். அதே தெரு இன்று அவர் பெயரைச் சொல்லி வழிகாட்டுகிறது. ஊர் வாய் அப்படித்தான், நாம் ஒன்றும் வேறு விதமில்லை.

1909 ஜூலையில் கோமளத்தம்மாள் கல்யாணம் பண்ணிவைத்தார். பெண் ஜானகி, கரூர்ப் பக்கம் ராஜேந்திரம் கிராமம், பத்து வயசுச் சிறுமி. குடும்பஸ்தன் ஆனதும் வேலை தேடி அலைச்சல். 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. அப்பாவும் குமாஸ்தா, பிள்ளையும் குமாஸ்தா. அங்கிருந்துதான் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டதே வருஷத்துக்கு 20 பவுண்டு வாங்கும் குமாஸ்தா என்றுதான். 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல். குடுமி எடுத்ததை அம்மா பார்த்தால் தாங்கமாட்டார் என்று, அம்மாவையும் மனைவியையும் அதற்கு முன்பே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார்.

அடுத்த சில வருஷங்கள் வீட்டுக்குள் நல்ல காலம் இல்லை. அங்கே கேம்பிரிட்ஜில் பிள்ளைக்குப் புகழ். இங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவருக்குப் போய்ச் சேரவில்லை, அவர் எழுதியவை ஜானகி கைக்கு வரவில்லை. கடைசியில் ஜானகி தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நினைவில்லங்கள் பொதுவாக இதையெல்லாம் சொல்வதில்லை. ஆனால் கணவன் எப்படி இருக்கிறான் என்று தெரியாமல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்ததும் இதே சுவர்களுக்குள்தான். 1918இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனவர் 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். கொடுமுடி, பிறகு செப்டம்பரில் கும்பகோணம், ஜனவரியில் மறுபடி சென்னை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். வயசு 32.

இனி வீட்டின் கதையில் ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் உலகம் காப்பாற்றியது அவர் காகிதங்களை. அதையும் பெரிய திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. கட்டுரைகள் 1927இல் கேம்பிரிட்ஜில் தொகுப்பாக வந்தன. நோட்டுப் புத்தகங்களைப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் உள்ளபடியே படமெடுத்து அச்சிட்டது. கடைசி வருஷத்தில் படுக்கையில் எழுதிய தாள்கள் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. அவை கைமாறிக் கைமாறி வாட்சன் என்ற ஆங்கிலக் கணித அறிஞரிடம் போயிருந்தன. 1965இல் வாட்சன் இறந்தார். அவர் வீட்டுக்குப் போன இன்னொரு கணித அறிஞர் பார்த்தால், அறை முழுக்கக் காகிதக் குவியல். இன்னும் சில நாளில் கொளுத்தப்பட இருந்தவை. அந்தக் குவியலில் கைவிட்டு எடுத்தவற்றில் ராமானுஜன் தாள்களும் இருந்தன. 1968இல் அவை டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போயின. அங்கும் எட்டு வருஷம் பெட்டியில் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் வேறெதையோ தேடிப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 600க்கு மேல் வாய்பாடுகள்.

சாரங்கபாணி தெருக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கதை புதிதில்லை. காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள், யாத்திரிகர்கள் சிலர் குடந்தை ஆராவமுதன்மேல் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார். ஆயிரத்தில் இது ஒரு பத்து என்று அதன் முடிவில் வருகிறதே, மீதி எங்கே என்று தேடப் புறப்பட்டு, வழக்கொழிந்து கிடந்த நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தையும் மீட்டுவந்தார் என்பது வைணவ மரபு. அந்த ஆராவமுதன்தான் இந்தத் தெரு முனையில் சயனித்திருக்கும் பெருமாள்.

காகிதம் தப்பியது. மனிதர்களின் நினைவைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் பி.கே. சீனிவாசனுக்கு உண்டு. ராமானுஜனோடு படித்தவர்கள், பழகியவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கிழவர்களாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களைத் தேடித் தேடி எழுதி வாங்கி, கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் சேர்த்து 1968இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1993இல் ராயபுரத்தில் திறந்த ராமானுஜன் அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று வளர்த்ததும் அவரே. இன்று திண்ணை, சிலேட்டு, முழங்கை என்று நாம் சரளமாகச் சொல்வதெல்லாம் அப்படி யாரோ ஒருவர் கேட்டு எழுதிவைத்ததால் கிடைத்தது. வரலாற்றுச் சங்கம் என்று தனியாகப் பெயர்ப்பலகை மாட்ட வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் தபால்தலையும் போதும்.

முகம் தப்பியதும் தற்செயல்தான். ஹார்டி தம் சொற்பொழிவு நூலுக்கு ராமானுஜன் படம் ஒன்று வேண்டும் என்று கேட்க, 1936இல் இந்தியா வந்த இயற்பியலாளர் சந்திரசேகர் ஜானகியம்மாளைத் தேடிப் போய் ஒரு பாஸ்போர்ட் படத்தை வாங்கி அனுப்பினார். ஜானகியம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் சொற்பப் பென்ஷனிலும் காலம் தள்ளியவர். சிலை வைப்பதாக எப்போதோ சொன்னார்களே, எங்கே என்று அவர் பத்திரிகைப் பேட்டியில் கேட்ட செய்தி அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆஸ்கி என்ற கணிதப் பேராசிரியர் காதுக்கு எட்டியது. உலகெங்கும் உள்ள கணிதக்காரர்களிடம் அவர் பணம் திரட்டி, மினசோட்டாச் சிற்பி பால் கிரான்லண்டிடம் வெண்கலச் சிலை வடிக்கச் சொன்னார். சிற்பிக்கு ஆதாரம் அந்தப் பாஸ்போர்ட் படம். சிலை ஜானகியம்மாள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1994இல் அவர் காலமானார்.

இத்தனைக்கும் பிறகுதான் வீட்டின் முறை வருகிறது. 1991இல் ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்ததும், சாரங்கபாணி சன்னதித் தெரு என்ற பெயர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது. படித்துவிட்டு வந்தவர்கள் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். தெருவோ மாறிக்கொண்டிருந்தது. கோயில் ஊரில் சன்னதித் தெரு மனை என்றால் சொல்லவேண்டியதில்லை. கடை கட்டலாம், லாட்ஜ் கட்டலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மகாமகம் வந்து மனை விலையை ஏற்றிவிட்டுப் போகும். அப்படி ஒரு மகாமகம் 2004 மார்ச்சில் வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 2003இல், தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்தில் இருக்கும் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அந்த வீட்டை விலைக்கு வாங்கியது. கும்பகோணத்தில் அதற்கு ராமானுஜன் பெயரிலேயே ஒரு கல்லூரி மையம் உண்டு. பழுது பார்த்து, அடையாளம் மாறாமல் சரிசெய்தார்கள். 2003 டிசம்பர் 20 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வந்து திறந்துவைத்தார். ராமானுஜன் இல்லம் பிறந்த நாள் அதுதான். ராமானுஜன் இறந்து 83 வருஷம் கழித்து.

இதில் யாரைக் குறை சொல்வது? நியூட்டன் பிறந்த வூல்ஸ்தார்ப் பண்ணை வீடு நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது 1943இல், நியூட்டன் இறந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. கணித மேதை காஸ் பிறந்த ஜெர்மன் வீட்டை அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து அழிந்தது. அவற்றோடு வைத்துப் பார்த்தால், நாம் தாமதமாக வந்தாலும் காரியம் நடந்துவிட்டது. நம் பக்கத்திலேயே ஒப்பிட்டால் இன்னும் தெரியும். திருவையாறு திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் புதுசாகக் கட்டி நினைவில்லம் என்று பெயர் வைத்தார்கள். பக்தியில் குறைவில்லை. பழசாக இருந்ததுதான் அந்த வீட்டின் குற்றம். மகானின் வீடு மகானுக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்று நினைக்கும்போது கல்லும் சலவைக்கல்லும் வந்துவிடுகின்றன. கும்பகோணத்தில் அந்த ஆசை வராமல் போனது பெரிய விஷயம். குமாஸ்தா வீட்டைக் குமாஸ்தா வீடாகவே விட்டிருக்கிறார்கள்.

உள்ளே போய்ப் பார்க்க அரைமணி கூட ஆகாது. திண்ணை ஏறி நுழைந்தால் தெருச் சன்னலோரம் கட்டில் போட்ட சின்ன அறை. நடுக்கூடத்தில் மாலை போட்ட மார்பளவுச் சிலை. பின்னால் அடுக்களை, கொல்லையில் கிணறு. அவ்வளவுதான். ஒரு மேதையின் வீட்டில் பார்க்க இவ்வளவுதானா என்ற ஏமாற்றம் சிலர் முகத்தில் தெரியும். கட்டில் அறையில் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அடுக்களைக்குப் போய், இங்கே இத்தனை பேருக்குச் சமையல், கூடத்தில் இத்தனை பேருக்கு இலை என்று மனசில் அளந்தால், திண்ணைக்கு ஏன் போனார் என்பது புரியும். மிராசுதார் வீட்டு ஊஞ்சலைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. டெல்டாவின் சம்பளக்காரக் குடும்பம் எப்படி இருந்தது, எங்கே படுத்தது, எங்கே படித்தது என்று காட்ட நமக்கு இருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. கணிதத்துக்காகக் காப்பாற்றினார்கள். கூடவே இதுவும் தப்பிவிட்டது.

வீட்டோடு ஒரு பரிசும் பிறந்தது. 2005 முதல் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு, ராமானுஜன் கணிதத்தைத் தொட்ட துறைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு. வயசு வரம்பு 32, காரணம் சொல்ல வேண்டியதில்லை. 10,000 டாலர். டிசம்பரில் அவர் பிறந்த நாளை ஒட்டிக் கும்பகோணத்தில் கொடுக்கிறார்கள். முதல் வருஷம் மஞ்சுல் பார்கவாவும் கண்ணன் சௌந்தரராஜனும், அடுத்த வருஷம் டெரன்ஸ் டாவ். அக்ஷய் வெங்கடேஷ், பீட்டர் ஷோல்சே, ஜேம்ஸ் மேனார்ட், மரினா வியாசோவ்ஸ்கா எல்லாரும் இந்தப் பட்டியலில் உண்டு. இவர்களில் பலர் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியது கும்பகோணத்துப் பரிசுக்குப் பிறகுதான். 2017இல் பரிசு பெற்ற வியாசோவ்ஸ்கா, எட்டுப் பரிமாணத்தில் கோளங்களை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்ற கேள்வியைத் தீர்த்தவர். அதற்கு அவர் கையாண்ட சார்புகள், 1916இல் ராமானுஜன் பி, கியூ, ஆர் என்று பெயர் வைத்து ஆராய்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வீட்டைப் பூட்டித் திறப்பதோடு நிற்காமல் இப்படி ஒன்று சேர்த்தது யார் யோசனையோ, நல்ல யோசனை.

எனக்கு இருக்கும் கவலை வேறு. முன்னே சொன்ன அந்தப் பொதுச்சுவர். அக்ரகார வீடு தனியாக நிற்கக் கட்டியதில்லை. இரண்டு பக்கத்து வீடும் தோள் கொடுத்துத்தான் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் இடித்து மாடி எழுப்பினால் கடைக்கால் தோண்டும்போதே இந்தச் சுவரில் விரிசல் விடும். மாடி எழும்பினால் மழைத்தண்ணீர் இந்த ஓட்டின் மேல்தான் கொட்டும். பக்கத்து வீட்டுக்காரரைத் தப்பு சொல்லவும் முடியாது. அவர் வீட்டில் ராமானுஜன் வளரவில்லை. மனை விலை மட்டும் அவருக்கும் அதே விலை. நம் தொல்லியல் பட்டியல்கள் கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையும் அறியும். ஓட்டுக்கூரையும் திண்ணையுமாக ஒரு தெரு என்பதை எழுத அவற்றில் கட்டம் இல்லை. ஆளில்லாத நிலத்துக்குக்கூடச் சர்வே எண் உண்டு. சன்னதித் தெருவின் மிச்சத் திண்ணைகளை யாராவது ஒருமுறை நடந்து எண்ணி, அளந்து, படம் எடுத்து வைத்தால் நல்லது. பல்கலைக்கழகத்தில் கட்டடவியல் மாணவர்களுக்கு ஒரு பருவப் பாடமாகவே அதைக் கொடுக்கலாம். இரண்டு வாரக் காரியம்.